ஊரிலா, கசார்வாடியிலா?

புனேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வடு மாநகராட்சிக்குள், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் இடையே அமைந்த சிறிய தொடர்வண்டி நிலையம் கசார்வாடி. அதனைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். வேலை தேடி வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றில் மகனுக்கோ மகளுக்கோ வரன் அமைந்தவுடன் எழும் முதற்கேள்வி ஒன்றுண்டு. "கல்யாணம் ஊரிலா, இங்கேயா?"

விடை எளிதன்று. ஊரில் நடத்தினால் பாட்டியும் பெரியப்பாவும் பங்காளிகளும் சிரமமின்றி வருவர். குலதெய்வக் கோவிலும் அருகில் இருக்கும். ஆனால் இருபது ஆண்டுகளாக அடுத்த வீட்டில் வாழ்ந்து, நோயிலும் நள்ளிரவிலும் துணைநின்ற மராத்தியக் குடும்பம் வர இயலாது. கசார்வாடியில் நடத்தினால் அவர்கள் முன்வரிசையில் அமர்வர்; முழங்கால் வலியுடைய பாட்டியோ ஒரு நாளுக்கு மேல் வண்டியில் வரவேண்டும். ஆகவே முகூர்த்தத்தை ஊரிலும் வரவேற்பைக் கசார்வாடியிலும் வைப்போர் பலர். அவ்வாறு செய்தால் மண்டபமும் இரண்டு, விருந்தும் இரண்டு, செலவும் இருமடங்கு. எம்முடிவாயினும் அதனை முதலில் எடுத்தல் வேண்டும். மண்டபம், வண்டி, சமையல், அழைப்பிதழ் ஆகிய யாவும் அதனைப் பொறுத்தவை.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்" என்பது பழமொழி. இவ்வேலைகளின் வரிசை மிகப் பழைமையானது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு திருமணத்தைக் காட்டுகிறார். உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு பரிமாறப்படுகிறது. கால் நட்ட பந்தலில் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிடுகின்றனர். நல்ல நாளின் விடியற்பொழுதில் மகப்பேறு கண்ட மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். உணவு, பந்தல், நாள், உறவினர் என இன்றைய குடும்பம் கவலைப்படும் நான்கும் அப்பாடலிலேயே உள்ளன. வண்டிப் பயணச்சீட்டு ஒன்றுதான் அதில் இல்லை.

இடம் முடிவானபின் நாள். தமிழர் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் மணம் செய்வதில்லை; புரட்டாசியையும் பலர் தவிர்ப்பர். தை, வைகாசி, ஆவணி ஆகியவை விரும்பப்படும் மாதங்கள். மராத்தியர் கணக்கு வேறு. ஆஷாட ஏகாதசி முதல் கார்த்திகை ஏகாதசி வரையுள்ள நான்கு மாதங்களை அவர்கள் சாதுர்மாசம் என்பர். அது கழிந்து, துளசி விவாகம் முடிந்த பின்னரே அவர்தம் இல்லங்களில் மணநாள் குறிப்பது மரபு. ஆகவே இரு சமூகத்தாரும் மண்டபம் தேடும் வைகாசியில் இடம் கிடைப்பது அரிது, ஆவணியில் எளிது. ஆயினும் ஆவணியை ஒட்டித்தான் விநாயகர் சதுர்த்தி வருகிறது. அப்பொழுது பத்து நாள்களும் தெருக்களில் பந்தல்கள் நிற்கும். சிலைகளைக் கரைக்கும் நாளில் வாகனங்கள் நகரா. ஆனி மாதத்திற்கும் ஒரு தடையுண்டு. தேஹூவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் துக்காராம் சுவாமிகளின் பல்லக்கு, பழைய மும்பை-புனே நெடுஞ்சாலை வழியாகப் புனேக்குள் நுழைகிறது. பெருந்திரளான அடியார்கள் பாடி நடக்கும் அந்நாளில் மாப்பிள்ளை அழைப்பு வைத்தால், மாப்பிள்ளையும் அடியாருள் ஒருவராக நடந்தே வரவேண்டும்! இங்கு நாள் குறிப்போர் தமிழ்ப் பஞ்சாங்கத்துடன் மராத்தி நாட்காட்டியையும் புரட்டுவது இதனால்தான்.

நாள் உறுதியானதும் வண்டிக் கணக்கு. இரயில்வேயில் பயண நாளுக்கு 60 நாள் முன்னரே முன்பதிவு தொடங்குகிறது. முன்பு இது 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. ஜூன் 5 அன்று ஈரோட்டில் முகூர்த்தம் எனக் கொள்வோம். ஜூன் 2 அன்று வண்டி ஏறவேண்டுமெனில் ஏப்ரல் 3 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடை விடுமுறைக் காலத்தில் சிறிது தாமதித்தாலும் பெயர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். திரும்பும் பயணத்திற்கு மற்றொரு நாள், மற்றொரு காலை. திருமணம் கசார்வாடியில் என்றால் இதே வேலையை ஊரிலுள்ளோர் செய்வர். தொலைதூர விரைவு வண்டிகள் கசார்வாடியில் நில்லா. ஆதலால் புனே சந்திப்பில் இறங்கும் முதியோரை எதிர்கொண்டு அழைத்துவர ஓர் ஆளும் ஊர்தியும் ஏற்பாடு செய்தல் வேண்டும். இதனை மறந்துவிட்டு, முகூர்த்தத்திற்கு முந்தைய இரவு தொலைபேசியும் கையுமாக அலையும் குடும்பங்கள் உண்டு.

மற்றவற்றை முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது. நிச்சயதாம்பூலம் மாற்றிக்கொண்டவுடன் மண்டபத்திற்கும் சமையற்காரருக்கும் நாதசுரக் குழுவினருக்கும் முன்பணம் தரப்படும். தாலிக்குப் பொன் உருக்குவதும் கூறைப்புடவை எடுப்பதும் அவரவர் குல வழக்கப்படி நடைபெறும். கிறித்தவத் தமிழர் தத்தம் பங்குக் கோவிலில் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கச் செய்வர். இசுலாமியத் தமிழர் தம் ஊர் ஜமாஅத்தின் கடிதத்தைப் பெற்று வருவர். புலம்பெயர்ந்த குடும்பத்தார் இக்கடிதங்களுக்காகவே ஒருமுறை ஊர் சென்று வர நேர்வதும் உண்டு. முகூர்த்தத்திற்குச் சில நாள் முன்பு பந்தக்கால் நடுதல் வேண்டும். அடுக்குமாடியின் சிமெண்டுத் தரையில் மூங்கிலை எங்கே நடுவது? வாளியில் மணல் நிரப்பி அதில் நட்டு, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டுகின்றனர்.

அழைப்பிதழில் முதற்படி குலதெய்வத்திற்கு உரியது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலன் திருமணச் செய்தியை யானைமீது அமர்ந்த மகளிர் புகார் நகருக்கு அறிவித்தனர். இன்று கைப்பேசி அப்பணியைச் செய்கிறது. ஆயினும் தாய்மாமனையும் அத்தையையும் நேரில் சென்று, தாம்பூலத் தட்டுடன் அழைத்தல் வேண்டும். கைப்பேசிச் செய்தியை மட்டும் பெற்ற தாய்மாமன் வருத்தம் கொள்வது இயல்பே. பல குடும்பங்களில் மணமேடையில் முதல் மாலை அவர் கையாலேயே அணிவிக்கப்படுகிறது. மூன்றாம் முடிச்சு இடுபவள் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள். அவளுக்கு நாத்தனார் என்னும் உறவுப்பெயர் அப்பொழுது மேடையிலேயே ஒலிக்கும். இத்தகையோர் வருகையை உறுதி செய்தபின்னரே விருந்தினர் எண்ணிக்கைக்குச் செல்லுதல் முறை.

விருந்தைக் கணக்கிடும் அலகு இலை. நானூறு பேர் வருவர், உணவுக்கூடத்தில் நூறு பேர் அமரலாம் எனில் நான்கு பந்தி. ஒரு பந்திக்கு அரைமணிக்கு மேல் ஆகும். முகூர்த்தம் முடிந்தவுடன் அனைவருக்கும் பசி எடுக்கும். பலவகைப் பண்டங்கள் உள்ள விருந்தில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் முதல் பத்துப் பேர் வரை போதும் என்பது சமையற்காரர் கணக்கு. நானூறு பேருக்கு எத்தனை கிலோ என்பதை மாணவர் தாமே கண்டறியலாம். வாழையிலையையும் மல்லிகையையும் புனே அங்காடியில் முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும். மல்லிகையை அங்கே மோக்ரா என்றும் தொடுத்த சரத்தைக் கஜ்ரா என்றும் கேட்டால் உடனே கிடைக்கும். வளையலுக்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வளையல் விற்போரை மராத்தியர் காசார் என்பர். மராத்திய மணமகளுக்குப் பச்சை வளையல் அடுக்குபவரும் அவரே. இங்குள்ள தமிழ் மணமகளிர் சிலர் அவ்வளையலையும் விரும்பி அணிகின்றனர்.

சட்டம் கூறுவனவும் உண்டு. மணமகளுக்கு 18 வயதும் மணமகனுக்கு 21 வயதும் நிறைந்திருத்தல் வேண்டும். வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சீர் என்று பெயரை மாற்றிக் கேட்டாலும் அது வரதட்சணையே. புரோகிதரின்றி, உறவினர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்திற்கு 1967இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத் திருத்தம் ஏற்பளித்தது. அத்திருத்தம் மகாராட்டிரத்திற்கு உரியதன்று. இதனையும் எண்ணியே இடத்தை முடிவு செய்தல் வேண்டும். திருமணப் பதிவுக்கு மகாராட்டிரத்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. இரண்டிலும் 90 நாள் தவணை. ஊரில் மணம் முடித்தோர் திரும்பும் வண்டி ஏறுமுன் பதிவு அலுவலகம் சென்று வருவது நல்லது. சாட்சிகள் அனைவரும் அப்பொழுது ஊரில் இருப்பர்.

விருந்து நடக்கும்பொழுதே வாயிலில் மேசையிட்டு ஒருவர் மொய் எழுதுவார். பெயர், ஊர், தொகை ஆகியவை வரிசையாக ஏறும். கசார்வாடித் திருமணத்தின் மொய்க் குறிப்பேட்டில் ஈரோடு, கரூர், திருநெல்வேலி என்னும் ஊர்ப்பெயர்களுக்கு இடையே 'அடுத்த வீடு' என்றொரு வரியும் இருக்கும். மொய்யை மராத்தியர் ஆஹேர் என்பர். அவ்வீட்டு மகளுக்குத் துளசி விவாகம் கழிந்து நாள் குறித்தபொழுது, தமிழ் வீட்டார் அக்குறிப்பேட்டை எடுத்துப் பார்த்து, தொகையுடன் சிறிது கூட்டி உறையிலிட்டனர்.