தொடுகோடு இல்லாத வளைகோடு: லக்னோவில் பிறந்த கணித நூல்

புது தில்லி:

எந்த இடத்திலும் அறுபடாத ஒரு கோடு. ஆனால் அதன் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய இயலாது. இத்தகைய வளைகோடு உண்டு என்று 1872-ல் பெர்லின் அகாதெமியில் நிறுவிக் காட்டினார் ஜெர்மானியக் கணித மேதை வியர்ஸ்ட்ராஸ். அந்த விசித்திரக் கோடுகளை உருவாக்கும் முறைகளைத் தொகுத்து விளக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1935-ல் வெளியிட்டது லக்னோ பல்கலைக்கழகம். நூலாசிரியர் அங்கு பணியாற்றிய அவதேஷ் நாராயண் சிங்.

விபூதிபூஷண் தத்தாவுடன் இணைந்து இந்தியக் கணித வரலாற்றை எழுதியவர் என்றே சிங் பெரிதும் அறியப்படுகிறார். அவரது சொந்தக் கணிதப் பணிக்கு அந்த அளவு கவனம் கிட்டவில்லை. கெட்டிங்கனில் பயின்று திரும்பிய கணேஷ் பிரசாத்தின் மாணவர் அவர். நூல் வெளியான 1935-ல்தான் அந்த ஆசிரியரும் மறைந்தார்.

வியர்ஸ்ட்ராஸின் கோட்டை ஓர் இயக்க அமைப்பாகவும் காணலாம். வட்டத்தில் ஒரு புள்ளி; ஒவ்வோர் அடியிலும் அதன் கோணம் 3 மடங்காகிறது. ஓரிடத்தில் கோட்டின் உயரம் என்ன? அங்குள்ள கொசைன் மதிப்புடன், புள்ளி அடுத்துச் சென்றடையும் இடத்தின் உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். இதுவே சார்புச் சமன்பாடு. கொசைன் அலை வழவழப்பானது. புள்ளியின் நகர்விலும் முரடு இல்லை. எனவே தீர்வும் வழவழப்பாகவே அமையும் என்று எவரும் எண்ணுவர்.

ஆனால் நடப்பது வேறு. சமன்பாட்டை விரித்தால் அலைமேல் அலையாக அடுக்கு ஏறுகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் உயரம் பாதியாகிறது. அலையோ 3 மடங்கு நெருங்குகிறது. ஆகவே சரிவு ஒன்றரை மடங்காகிறது. பத்து அடுக்குகளில் உயரம் 1,024-ல் ஒரு பங்காகக் குறைய, சரிவு சுமார் 58 மடங்காகப் பெருகுகிறது. பாதிக்குப் பதில் கால் பங்கைக் கூட்டினால் கதையே மாறும். சரிவும் அடுக்குக்கு அடுக்கு முக்கால் பங்காகக் குறைந்து, எல்லாப் புள்ளிகளிலும் தொடுகோடு கிடைத்துவிடும். இரண்டுக்கும் எல்லை, மூன்றில் ஒரு பங்கு.

சரிவு பெருகுவதைக் காட்டுவது மட்டும் நிரூபணம் ஆகாது. அலைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடக் கூடுமல்லவா? அடுக்குக்கு அடுக்கு சரிவு ஏறத்தாழ 5.7 மடங்குக்கு மேல் பெருகினால்தான் வியர்ஸ்ட்ராஸின் நிரூபணம் செல்லும். நமது ஒன்றரை மடங்கு அதில் அடங்காது. சரிவு குறையாமல் இருந்தாலே போதும் என்று 1916-ல் நிறுவியவர் ஹார்டி. ராமானுஜன் கேம்பிரிட்ஜில் அவருடன் பணியாற்றிய காலம் அது.

அத்துடன் ஆய்வு முடிந்துவிடவில்லை. கோடு எவ்வளவு முரடானது என்பதை 1-க்கும் 2-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால், அதாவது பரிமாணத்தால், அளக்கின்றனர். மேற்கண்ட கோட்டுக்கு அது சுமார் 1.37. கோணம் எந்த முழு எண் மடங்காகப் பெருகினாலும் இதற்கான சூத்திரம் பொருந்தும் என்ற வெய்சியாவ் ஷென்னின் நிரூபணம் 2018-ல்தான் ஆய்விதழில் அச்சேறியது. இந்த இயக்க அமைப்புப் பார்வையே அதற்கும் அடிப்படை.

லக்னோ நூலை 1953-ல் நியூயார்க்கின் செல்சீ பதிப்பகம், ஹாப்சன், ஹட்சன், கெம்பே ஆகியோரின் நூல்களுடன் ஒரே தொகுப்பாக மறுபதிப்புச் செய்தது. அடுத்த ஆண்டு சிங் காலமானார்.