ஆய்வுக்கூடத்தில் பிறந்த மெல்லிசை

வானொலிப் பெட்டி, ஒலிபெருக்கி, இசைத்தட்டு ஆகிய மூன்றையும் விற்றுவந்த நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம், 1950களின் நடுவில், ஐன்ட்ஹோவன் நகரிலிருந்த தன் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலேயே மின்னணு இசையை உருவாக்கிப் பார்க்க முற்பட்டது. அதிரும் கம்பியோ தோலோ இல்லாமல், அலையியற்றி எனப்படும் மின்சுற்று உண்டாக்கும் அலைவுகளை ஒலிபெருக்கி வழியே ஒலியாக்குவதே அக்காலத்தில் மின்னணு இசை எனப்பட்டது. ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் வளர்ந்த அவ்விசை தாளக்கட்டையும் முணுமுணுக்கத்தக்க மெட்டையும் பெரும்பாலும் விலக்கியே வைத்திருந்ததால், அதே கருவிகளைக் கொண்டு எவரும் கேட்டு மகிழும் மெல்லிசையை அமைக்க முடியுமா என்ற கேள்வி விடையின்றி நின்றது.

அதற்கு முதலில் விடை தந்தவர் டிக் ராய்மாக்கர்ஸ். 1930இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் பிறந்து, பியானோ பயின்று, 1954இல் ஃபிலிப்ஸில் சேர்ந்த அவர், கிட் பால்டன் என்ற புனைபெயரில் 1957இல் அமைத்த ‘சாங் ஆஃப் த செகண்ட் மூன்’, ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறிய அதே ஆண்டில் பிறந்த துள்ளலான மெட்டு. அடுத்த ஆண்டு அவருடன் இணைந்த டாம் டிஸ்ஸவெல்ட், ஸ்கைமாஸ்டர்ஸ் என்ற வானொலி ஜாஸ் குழுவில் பாஸ் வாசித்தும் இசைக்கோப்பு எழுதியும் தேர்ந்தவர். ஆகவே டிஸ்ஸவெல்ட் இசையமைக்க, ராய்மாக்கர்ஸ் அதை ஒலியாக்கித் தரும் முறையில் அவர்களது கூட்டுப்பணி அமைந்தது.

அப்பணியின் உழைப்பை இன்றைய கணினி இசையை வைத்து அளவிட முடியாது. அலையியற்றியில் ஒரு சுரத்தைப் பிடித்து, அதைக் காந்தநாடாவில் பதிந்து, வேண்டிய நீளத்துக்கு நாடாவை வெட்டி, அடுத்த சுரத்தின் துண்டுடன் ஒட்ட வேண்டும். நொடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் கால் நொடிச் சுரம் என்பது ஒன்பதரை செ.மீ. துண்டு என்பதால், தாளம் என்பதே அளவுகோலால் அளக்கும் பொருளாகிவிட்டது. வெட்டு சற்றுப் பிசகினாலும் கேட்பவர் காதில் லயம் இடறும். இவ்வாறு பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து எழுப்பிய இசையில் ஜாஸின் துள்ளல் சிறிதும் குன்றாமல் நிற்பதே இவ்விருவரின் பெரும் சாதனை எனலாம்.

1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே பொறுப்பில் ஃபிலிப்ஸ் எழுப்பிய கூடத்துக்காக இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் அமைத்த இசையும் ஐன்ட்ஹோவனில்தான் உருவானது. வரலாற்று நூல்கள் அதையே விரிவாகப் பேசுகின்றன. அதே நகரில் பிறந்த மெல்லிசைக்கு அவை தரும் இடம் குறைவு என்பது வருந்தத்தக்கது.

ராய்மாக்கர்ஸ், டிஸ்ஸவெல்ட் இணையின் காலம் குறுகியதாகவே அமைந்தது. 1960இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் அவர்கள் பணியாற்றிய ஒலிக்கூடத்தை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. அதற்குப் பின், 1962இல்தான், அவர்களது இசைத்தட்டு எலெக்ட்ரோசோனிக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் வெளிவந்தது. டிஸ்ஸவெல்ட், பூமியைச் சுற்றிவரும் விண்வெளி வீரரைக் கற்பனை செய்து ‘ஃபேன்டசி இன் ஆர்பிட்’ என்ற தொகுப்பை 1963இல் வெளியிட்டார். ராய்மாக்கர்ஸோ மெல்லிசையை முற்றிலும் விட்டு விலகி, 1966 முதல் ஹேக் நகர இசைக் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கற்பித்ததோடு, மிதிவண்டியிலிருந்து ஒருவர் இறங்கும் செயலை மிக மெதுவாக நீட்டி, அவருடைய மூச்சையும் இதயத்துடிப்பையும் அவையோர் கேட்கச் செய்வது போன்ற அரங்கப் படைப்புகளில் ஈடுபட்டார்.

எலெக்ட்ரோசோனிக்ஸ் இசைத்தட்டைப் பாடகர் டேவிட் போவி 2003இல் தம் விருப்பத் தொகுப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். மறு ஆண்டே ஐன்ட்ஹோவன் பதிவுகள் நான்கு குறுந்தகடுகளாகத் தொகுக்கப்பட்டன. 1989இல் மறைந்த டிஸ்ஸவெல்ட் இதைக் காணவில்லை; 2013 வரை வாழ்ந்த ராய்மாக்கர்ஸ் கண்டார்.