புது ரவுட்டரில் பழைய கம்ப்யூட்டர் சேரவில்லையா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

போடிமெட்டு மலைச்சரிவில் விளையும் ஏலக்காயின் விலை இன்று கம்ப்யூட்டர் திரையில்தான் முடிவாகிறது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்கிறது. வியாபாரிகளுக்கு பில், இருப்பு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே கம்ப்யூட்டரில்தான். இப்படிப்பட்ட கடையில் புது ரவுட்டர் மாட்டியதும், பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் வைஃபையில் சேர மறுத்தால் அன்றைய வேலையே நின்றுவிடும்.

ஏன் சேர மறுக்கிறது?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அலைவரிசை. 1999-ல் வந்த 802.11பி, 2003-ல் வந்த 802.11ஜி ஆகிய தரங்களில் இயங்கும் சாதனங்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அவற்றின் கண்ணில் படாது.

இரண்டாவது, பாதுகாப்பு முறை. 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறையை விண்டோஸ் 7 ஏற்காது. ரவுட்டரில் அது மட்டும் ஆன் செய்யப்பட்டிருந்தால், பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் இணையாது.

மூன்றாவது, டிரைவர். வைஃபை 6 ரவுட்டரின் பெயரே சில பழைய லேப்டாப்களில் தெரியாது. வைஃபை கார்டின் டிரைவரை அப்டேட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடையில் என்ன கேட்கணும்?

* 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைக்க முடியுமா?
* டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் சேர்த்து இயக்க முடியுமா?
* குறைந்தது 2 லேன் போர்ட் இருக்கிறதா?
* வாடிக்கையாளர்களுக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை கொடுக்க முடியுமா?

இந்த நான்குக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் போதும். வைஃபை 6 ரவுட்டரே வாங்கலாம், பழைய மாடலைத் தேடி அலைய வேண்டாம்.

எதைச் செய்யக் கூடாது?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்காக டபிள்யூஇபி, டிகேஐபி போன்ற பழைய பாதுகாப்பு முறைகளை ஆன் செய்யாதீர்கள். டபிள்யூஇபி பாஸ்வேர்டை சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். அப்படி உள்ளே வருபவருக்கு, அதே வைஃபையில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் வழி கிடைத்துவிடும்.

ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி1 என்ற பழைய முறையும் இதே ரகம்தான். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னக்ரை வைரஸ், அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

அப்போ பழைய கம்ப்யூட்டரை என்ன பண்றது?

லேன் கேபிளில் இணைப்பதே எளிய வழி. வைஃபை தரம், பாஸ்வேர்டு முறை என்ற பிரச்னையே அதில் இல்லை. பழைய 100 எம்பிபிஎஸ் கார்டாக இருந்தாலும், புது ரவுட்டர் அதன் வேகத்துக்குத் தானாகவே இறங்கி வரும். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். பழைய வைஃபை பிரிண்டர் சேரவில்லை என்றால், யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. கேபிள் போட்டாலும் இந்தக் குறை தீராது. எனவே அந்தக் கம்ப்யூட்டரை பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, பேங்க், ஜிஎஸ்டி வேலைகளைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவது நல்லது. கணக்கு ஃபைல்களைத் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து வைக்கவும் மறக்காதீர்கள்.