‘தண்ணி விட்டு ஓடுங்கோ’

வாசகிகளில் பலர் இன்று சொந்தமாக வாகனம் ஓட்டுகிறீர்கள். ஆனால் பொனற்றைத் திறந்து பார்க்கும் பழக்கம் எம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எனக்கு இருக்கவில்லை. அதனால் நட்டப்பட்டவர் நானல்ல, இன்னொரு பெண்.

2023 ஆவணி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து என் காரில் புறப்பட்டு, கிளிநொச்சியில் ஒரு சகோதரியையும் அவரது நான்கு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு வவுனியா நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாபரிப்பு வழக்கு. பல தவணைகள் தவறவிட்ட கணவர் அன்றைக்கு வருவதாக இருந்தது. கனகராயன்குளம் தாண்டியதும் பொனற்றின் விளிம்பால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. வெப்பமானியின் முள்ளோ அதுவரை நடுவில்தான் நின்றது. தண்ணீர் மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் அந்த முள்ளை நம்ப முடியாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

உதவிக்கு வந்த ஒருவர் துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார்.

“ஐயோ அண்ணை, துறக்காதேங்கோ! பிறஷர் குக்கர் மாதிரி அடிக்கும்” என்று தடுத்தவர் அந்தச் சகோதரி. அவர் சொன்னது சரி. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்திருப்பதால் 100 பாகையைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்த கணமே கொதித்துச் சீறும். முகம் வெந்துபோகும்.

காரை வீதியோரம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது வழக்கைக் கூப்பிட்டு முடித்து, வேறு தவணையும் கொடுத்துவிட்டார்கள். “பரவாயில்லை மிஸ், நீங்கள் என்ன செய்யிறது” என்றார் அவர். என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் எனக்கு அது முன்னமே தெரியும்.

இரண்டு கிழமையாகக் காருக்குக் கீழே ஈரம். நிறுத்தியதும் வெல்லப்பாகு போல ஒரு வாசனை. கராஜில் சொன்னேன். “பழைய வாகனம்தானே மிஸ், தண்ணி விட்டு ஓடுங்கோ” என்றார்கள். நானும் காலையில் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் விட்டு ஓடினேன். பால்நிலைப்பட்ட வேலைப் பிரிவினை பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். பொனற்றுக்கு முன்னால் அத்தனையும் மறந்துபோயிற்று.

காரை லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உடனே நிறுத்தியதால் இயந்திரம் தப்பியிருந்தது. ஒரு காலத்தில் லொறி ஓட்டிய சித்தப்பா, “நீயே தேடு பிள்ளை” என்று ரோச்சை என்னிடம் தந்தார். இயந்திரத்தின் பின்பக்கம் ஹீற்றருக்குப் போகும் ஹோஸ் தொடங்கும் இடத்தில், எங்கள் கேத்தலின் அடியில் படிவது போல வெள்ளைத் தழும்பு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீரே கசிவைக் காட்டிக்கொடுத்தது! அங்கே ஹோஸை இயந்திரத்தோடு பொருத்தும் பிளாஸ்ரிக் எல்போவின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஆறியிருக்கும்போது அது மூடிக்கொள்ளும், சூடேறி அழுத்தம் கூடும்போது திறக்கும். காலையில் கராஜுக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாதுதான். பிளாஸ்ரிக் பல வருடச் சூட்டில் பொரிந்துபோகும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து எம்மில் பலர் பழைய கார்களையே வைத்து இழுத்தவர்கள்.

இயந்திரம் முழுதாக ஆறிய பின் மூடியைத் திறந்து, பேசனை வைத்து மிஞ்சியிருந்த தண்ணீரை வடித்தோம். கூலன்ற் விட்ட தண்ணீரை முற்றத்தில் ஊற்றக்கூடாது. அதில் பெரும்பாலும் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு. பிள்ளையோ நாயோ நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. குறட்டால் கிளிப்பை நெரித்துப் பின்னுக்குத் தள்ளினேன். ஹோஸ் அசையவில்லை. இழுத்தேன்.

“இழுக்காதை, முதல் திருப்பு” என்றார் சித்தப்பா. திருப்பியதும் விட்டது. எல்போ கையோடு முறிந்து வந்தது. உள்ளே ஒட்டியிருந்த துண்டுகளைப் பொறுக்கியெடுக்கத்தான் ஒரு மணித்தியாலம் போயிற்று. ஒன்றை உள்ளே விழவிட்டாலும் தண்ணீரோடு சுற்றி எங்காவது அடைக்கும். இருக்கையைத் துடைத்து, புதிய எல்போவின் றப்பர் வளையத்தைக் கூலன்றில் நனைத்து அழுத்தினேன். ஹோஸின் இறுகிப்போன நுனியை வெட்டிவிட்டு மாட்டிக் கிளிப்பைப் போட்டேன். பிறகு கூலன்றும் வடித்த நீரும் சரிபாதி.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். காற்று உள்ளே நின்றால் மறுபடியும் சூடேறுமாம். மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை இயக்கி, ஹீற்றரைக் கூடிய சூட்டில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தைப் பார்த்தேன். இறங்கவில்லை.

மாற்றிய எல்போ என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

அடுத்த தவணைக்கும் அவரை நானே கூட்டிச் சென்றேன். கனகராயன்குளம் வந்ததும், “ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமே மிஸ்?” என்று கேட்டார். நிறுத்தினேன். நான் இறங்குமுன்னரே அவர் மகளை இடுப்பில் வைத்தபடி காருக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“காய்ஞ்சுதான் கிடக்கு மிஸ். எடுங்கோ, நேரமாகுது.”