சிப்பில் எழுத 25 வோல்ட்

பழைய கணினி ஒன்றின் பலகையைத் திறந்து பார்த்தால், கறுப்புச் சிப்புகளுக்கு நடுவே ஏதாவது ஒன்றின் முதுகில் மட்டும் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதுதான் ஈப்ராம். இந்த இனத்தின் முதல் சிப்பான 1702, 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமனின் கண்டுபிடிப்பாக வந்தது. கொள்ளளவு 256 பைட். 1977இல் வந்த 2716இல் அதைப்போல எட்டு மடங்கு, 2048 பைட். 1980களின் வீட்டுக் கணினிகள், வீடியோ கேம் பெட்டிகள், மின்னணு இசைக்கருவிகள் பலவற்றின் நிரல் இருந்தது 2716இலும் அதற்குப் பின் வந்த 2732, 2764 சிப்புகளிலும்தான். அவற்றை மீட்டெடுக்கும் ஆர்வலர்களுக்கு இன்றும் இந்தச் சிப்புகளில் புதிதாக எழுத வேண்டிய தேவை இருக்கிறது.

எழுதும் கருவியான ப்ரோகிராமரின் கணக்குப் போடும் பாதி இன்று எளிது. ஓர் ஆர்டுயினோ இருந்தால் போதும்: முகவரியைக் கொடுக்கும், தரவைக் கொடுக்கும், நேரத்தையும் அளந்துவிடும். சிக்கல் 2716 கேட்கும் 25 வோல்ட்டில் இருக்கிறது. பரவலாக விற்கும் டிஎல்866-II பிளஸ் போன்ற யூஎஸ்பி ப்ரோகிராமர்களே 18 வோல்ட்டோடு நின்றுவிடுகின்றன. எனவே பவர் சப்ளையை நாமே செய்துகொள்கிறோம். கருவியின் மிக முக்கியமான பகுதி அதுவே என்பது என் உறுதியான கருத்து. நிரலில் பிழை இருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். மின்னழுத்தத்தில் பிழை இருந்தால் சிப் போய்விடும். 2716 இப்போது புதிதாக உற்பத்தியாவதும் இல்லை.

ஏன் அவ்வளவு வோல்ட்? ஈப்ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நாற்புறமும் சிலிக்கான் ஆக்சைடால் சூழப்பட்ட, எந்தக் கம்பியோடும் சேராத ஒரு மிதக்கும் கேட் இருக்கிறது. சிலிக்கானிலிருந்து அந்த ஆக்சைடைத் தாண்ட எலக்ட்ரானுக்கு ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. சாதாரணமாக வேலை செய்யும் 5 வோல்ட்டில் அது நடப்பதில்லை. 25 வோல்ட் கொடுத்தால், டிரான்சிஸ்டரில் ஓடும் எலக்ட்ரான்களில் ஒரு சிறு பங்கு அந்த ஆற்றலை எட்டி, ஆக்சைடைத் தாண்டி மிதக்கும் கேட்டில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் பல ஆண்டுகள் வெளியே வருவதில்லை. அழிக்கப்பட்ட சிப்பில் எல்லாப் பிட்டும் 1. எலக்ட்ரான் சிக்கிய பிட் 0. ஒரு பைட்டுக்கு 50 மில்லிவினாடி வீதம் 2048 பைட்டையும் எழுத 102 வினாடி ஆகும்.

இந்த 25 வோல்ட்டில் எவ்வளவு விலகலாம்? மேலும் கீழும் ஒரு வோல்ட். 26.5ஐத் தாண்டினால் சிப் பழுதாகலாம். குறைந்தால் வரும் கேடு உடனே தெரியாது: மிதக்கும் கேட்டில் போதிய எலக்ட்ரான் சேராமல், எழுதிய அன்று சரியாகப் படித்த சிப் பிறகு ஒரு நாள் தப்பும் தவறுமாகப் படிக்கும். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணையும் கூர்ந்து பார்க்க வேண்டும். 2732க்கு 25 வோல்ட். 2732ஏ என்று ஓர் எழுத்துக் கூடினால் 21 வோல்ட்தான். அதற்கு 22க்கு மேல் கொடுக்கக்கூடாது.

சப்ளைக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே 5, 25 வோல்ட் இரண்டுக்கும் போதும். அதன் இரு ஓரக் கம்பிகளை நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜில் சேர்த்தால் 24 வோல்ட் ஏசி கிடைக்கும். அதன் உச்சம் 34. டையோடுகளில் போவது போக 32 வோல்ட்டுக்குச் சற்று மேல் டிசி. பிரிட்ஜின் நெகட்டிவ் முனையைப் பூமியாக வைத்துக்கொண்டால், நடுக்கம்பியில் அதில் சரிபாதி, சுமார் 16 வோல்ட், இலவசமாக வந்து நிற்கும். பிரிட்ஜின் கீழ்ப்பாதி டையோடுகள் இரண்டும் அந்தப் பாதிக்கு முழு அலை ரெக்டிஃபயராக வேலை செய்துவிடுகின்றன. அழகான ஏற்பாடு இது. 16 வோல்ட்டிலிருந்து 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட் தரும். 32 வோல்ட்டிலிருந்தே நேராக 5 எடுத்தால் 200 மில்லிஆம்பியரில் 5 வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணாகும். நடுக்கம்பியிலிருந்து எடுத்தால் 2.2 வாட்தான், சிறிய ஹீட் சிங்க் தாங்கும்.

சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிட நன்றாகவே கூடுதலாகக் கொடுக்கும். 32 என்று கணக்கிட்ட இடத்தில் 40ஐ நெருங்கினால் வியப்பில்லை. ஆகவே அங்கே 63 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரைப் போடுங்கள். 230 வோல்ட் வரும் பக்கத்தில் ஃப்யூஸ் கட்டாயம், திறந்த முனை எதுவும் கூடாது.

25 வோல்ட்டுக்கு எல்எம்317. 1970களில் நேஷனல் செமிகண்டக்டரில் பாப் டாப்கின் வடிவமைத்த இந்த மூன்று கால் ரெகுலேட்டர், தன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவே 240 ஓம் ரெசிஸ்டர் போட்டால், சரிசெய்யும் காலிலிருந்து பூமிக்கு 4560 ஓம் தேவை என்று கணக்கு வரும். கணக்கை அப்படியே நம்பிவிடக்கூடாது. சரிசெய்யும் காலிலிருந்து கசியும் 50 மைக்ரோஆம்பியர் மட்டுமே 0.2 வோல்ட்டுக்கு மேல் கூட்டிவிடும். அந்த 1.25உம் சிப்புக்குச் சிப் 1.20 முதல் 1.30 வரை மாறும். எனவே ஒரு ப்ரீசெட் வைத்து, மல்டிமீட்டரில் பார்த்தபடி திருப்பி 25க்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த ப்ரீசெட்டை வைக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம். பூமிக்குப் போகும் வழி முழுவதையும் ஒரே 5 கிலோஓம் ப்ரீசெட்டிடம் விட்டு, அதன் நடுமுனை தூசியால் ஒரு கணம் தொடர்பை இழந்தால், வெளியீடு நேரே 30க்கு ஏறும். சிப்பைக் கொல்ல அந்தக் கணம் போதும். 4.3 கிலோஓம் நிலையான ரெசிஸ்டரும் அதோடு தொடராகச் சில நூறு ஓம் ப்ரீசெட்டும் வைத்து, நடுமுனையை ஓரமுனை ஒன்றோடு சேர்த்துப் பற்றவையுங்கள். தொடர்பு அறுந்தாலும் வெளியீடு 26க்கு அருகில் நின்றுவிடும்.

பலரும் கவனிக்கத் தவறுவது வரிசையை. 5 வோல்ட் முதலில் வர வேண்டும், 25 பிறகு. போகும்போது 25 முதலில், 5 பிறகு. இன்டெலின் தரவுத்தாளே இதை நிபந்தனையாகச் சொல்கிறது. ஆனால் சுவிட்சை அணைத்தவுடன் நடப்பது நேர்மாறு. 5 வோல்ட் பக்கத்தில் சுமை அதிகம் என்பதால், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் வற்றிவிடும். 25 வோல்ட் பக்கத்தில் 317இன் ரெசிஸ்டர்கள் குடிக்கும் 5 மில்லிஆம்பியரைத் தவிர வேறு சுமை இல்லை. 470 மைக்ரோஃபாரட் அரை வினாடி வரை 25ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். 5 வோல்ட் செத்த சிப்பின் மேல் 25 வோல்ட் ஏறி உட்கார்ந்திருக்கும்.

மாற்று வழி எளிது. 25 வோல்ட் கம்பியில் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர். அதைத் திறந்து மூடுவது ஒரு என்பிஎன். அந்த என்பிஎன்னுக்கு உயிர் 5 வோல்ட் கம்பியிலிருந்து, நடுவே 3.6 வோல்ட் ஜெனர் டையோடு. 5 வோல்ட் சரிந்து 4ஐ நெருங்கியதும் 25 துண்டிக்கப்படும். சிப்பைப் படிக்கும்போது, 25 வோல்ட் வரும் அதே காலுக்கு 5 வோல்ட் தேவை என்பதால், 5 வோல்ட் கம்பியிலிருந்து அதற்கு ஒரு ஷாட்கி டையோடும் சேருங்கள். சாக்கெட்டுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றை வையுங்கள். 25 பாய்ந்து வரும்போது எழும் கூர்முனையை அது விழுங்கிக்கொள்ளும்.

வீட்டு மின்சாரத்தைத் தொடத் தயங்குவோருக்கு ஒரு நல்ல வழி உண்டு. 5 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்து எடுத்துக்கொண்டு, நான்கு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்து அந்த 36 வோல்ட்டை 317க்குக் கொடுக்கலாம். எழுதும்போது 2716 இந்த 25 வோல்ட் கம்பியிலிருந்து இழுப்பது அதிகபட்சம் 30 மில்லிஆம்பியர். 102 வினாடிக்கு அது ஒரு மில்லிஆம்பியர்-மணிகூட ஆகாது. எழுதாத நேரத்தில் பேட்டரியைக் கழற்றிவைத்தால் ஒரு தொகுதி நெடுங்காலம் வரும்.

முதல் சோதனையில் சாக்கெட்டில் சிப் இருக்கக்கூடாது. 820 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை 25 வோல்ட் முனைக்கும் பூமிக்கும் நடுவே வைத்தால் அந்த 30 மில்லிஆம்பியர் ஓடும்; அப்போதும் மீட்டர் 24.5க்கும் 25.5க்கும் இடையில் நிற்கிறதா பாருங்கள். பிறகு சுவிட்சைப் பல முறை போட்டு அணைத்து, 25 எப்போதும் 5க்குப் பின் வந்து முன் போகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஓசிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஜெனரின் வழியாக வரும் 5 வோல்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, 25 உடனே மறைகிறதா என்றாவது பார்த்துவிடலாம்.

இதே சப்ளை மற்றச் சிப்புகளுக்கும் உதவும். 27சி256க்கு 12.75 வோல்ட், பிஐசி 16எஃப்84ஏ போன்றவற்றுக்குச் சுமார் 13, ஏவிஆர் சிப்புகளின் உயரழுத்த முறைக்கு 12. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வைத்துச் சுழல் சுவிட்சால் மாற்றத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், சுவிட்ச் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் பூமித் தொடர்பு அறுந்து வெளியீடு 30க்குத் தாவும். 25 வோல்ட்டுக்கான ரெசிஸ்டர்கள் நிரந்தரமாக இருக்கட்டும். சுவிட்ச் அவற்றுக்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்து வோல்ட்டைக் குறைக்க மட்டும் செய்யட்டும். சுவிட்சைத் திருப்பும்போது சாக்கெட் காலியாக இருக்க வேண்டும்.