கோலியர் என்றால் அன்று யார்?

தெற்கு லண்டனில் கிராய்டனை ஒட்டிய தோர்ண்டன் ஹீத்தில், லண்டன் ரோட்டுக்கு அருகே, கோலியர்ஸ் வாட்டர் லேன் என்றொரு தெரு உண்டு. இன்றைய ஆங்கில அகராதியில் கோலியர் என்பவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. நிலக்கரி ஏற்றும் கப்பலுக்கும் அதுவே பெயர். இங்கே சுரங்கமும் இருந்ததில்லை, துறைமுகமும் இருந்ததில்லை. வழக்கொழிந்துபோன பழைய பொருள் ஒன்று தெருப்பெயரில் தங்கியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கிராய்டன் வட்டாரத்துக் கோலியர் என்றால் மரத்தைச் சுட்டுக் கரியாக்கி விற்பவர். ‘கோல்’ என்ற சொல்லே முன்பு மரக்கரியைத்தான் குறித்தது. நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரியைக் கடல்கரி என்றார்கள். பிறகு நிலக்கரி பெருகி அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொள்ள, மரக்கரிக்கு ‘சார்கோல்’ என்ற பெயரே மிஞ்சியது. தமிழில் இன்றும் கரி என்றால் அடுப்புக்கரிதான். ‘நிலம்’ என்ற அடைமொழி சுரங்கக்கரிக்குத்தான்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல மரத்தில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோலியரின் வேலை புதிதல்ல. விறகை நெருக்கி அடுக்கி, இலைதழை பரப்பி, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பிட வேண்டும். காற்று அதிகம் புகுந்தால் எல்லாம் சாம்பல். ஆகவே இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து விரிசலை அடைக்க வேண்டும். வெண்புகை வந்தால் விறகில் இன்னும் ஈரம் இருக்கிறது. புகை நீலம் பாய்ந்து மெலிந்தால் வேலை முடிகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி தேறும்.

இவ்வளவு பாடுபட்டவர்களுக்குக் கிடைத்தது கெட்ட பெயர். கிராய்டனில் கோடையைக் கழித்த பேராயர் கிரிண்டல், கரிப்புகை தாங்காமல் ஒரு கோலியர்மீது வழக்குப் போட்டும் பலிக்கவில்லை என்பது வழிவழியாக வரும் கதை. கரிவியாபார மோசடி பற்றி 1591இல் நாடகாசிரியர் ராபர்ட் கிரீன் எழுதினார். கிராய்டன் சாலையில் கரிமூட்டைகளை மடக்கி வாங்கி, சிறிய மூட்டைகளாக மாற்றிக் கட்டி லண்டனில் விற்ற இடைத்தரகர்களை அவர் அம்பலப்படுத்தினார். பழியோ தொழில் முழுவதன்மேலும் விழுந்தது. 1662இல் அச்சான ஒரு நாடகத்துக்கே ‘கிராய்டன் கோலியர் கிரிம்’ என்று பெயர்.

காட்டை அழித்தவர்களும் இவர்களே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அதை ஏற்கவில்லை. கிராய்டனிலிருந்து டெப்ட்ஃபர்ட் பக்கம் வரை நீண்டிருந்த ‘கிரேட் நார்த் வுட்’ என்ற காட்டில் ஓக்கையும் ஹார்ன்பீமையும் அடிக்கு அருகே வெட்டி, கட்டையைத் துளிர்க்க விட்டு, பல ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டினார்கள். காடு இருந்தால்தான் அவர்களுக்குக் கஞ்சி. காட்டை முடித்தவை வேறு. 1797ஆம் ஆண்டுச் சட்டம் கிராய்டனின் பொது நிலங்களை வேலியிட்டுத் தனியாருக்குப் பிரித்தது. 1862இல் தோர்ண்டன் ஹீத்துக்கு ரயில் நிலையம் வந்தது. பின்னாலேயே வீடுகள் வரிசைகட்டி வந்தன. அந்த வீடுகளின் கணப்பில் எரிந்தது நிலக்கரி.

அந்த நிலக்கரிப் புகையோடு ஒப்பிட்டால் கரிமூட்டப் புகை ஒன்றுமே இல்லை. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைப்பனியில் சில நாட்களிலேயே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. சுரங்க வேலையும் சுருங்கியது. 1920 வாக்கில் பிரிட்டனில் சுமார் 12 லட்சம் பேர் சுரங்கங்களில் வேலை செய்தார்கள். கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015இல் மூடப்பட்டது. நிலக்கரியில் ஓடிய கடைசி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30இல் நின்றது. இப்படிக் கோலியரின் இரண்டாவது பொருளும் வழக்கொழிந்து வருகிறது. இன்று தோர்ண்டன் ஹீத்தில் மூச்சு விடுவது அன்றைவிட எளிது. இது பெரிய லாபம். கரி வேண்டுமென்றால் கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் வெளிநாட்டு மரத்தில் சுட்டது. எந்தக் காடு, யார் கை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அன்று லண்டன்காரர், திட்டுவதற்காகவாவது, கரிக்காரரின் முகத்தை அறிந்திருந்தார்.

பழைய காட்டில் மிஞ்சிய துண்டு ஒன்று கிரேஞ்ச்வுட் பூங்காவில் இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் ஓக் மரங்களைக் காட்டுங்கள். ஊரில் கரிமூட்டம் பார்த்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.