பக்கத்தில் வந்து அமர்கிற கடவுள்



நம் அஞ்செட்டிப் பக்கத்தில் துன்பம் எப்படி வரும் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. நான்கு மாதம் பாடுபட்டு வளர்த்த கேழ்வரகை ஒரே இரவில் யானைகள் மிதித்துவிட்டுப் போய்விடும். ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன பிள்ளை, "காண்ட்ராக்ட் முடிந்ததாம், நாளையிலிருந்து வரவேண்டாமாம்" என்று வாசலில் வந்து நிற்பான். அப்போது குருவைப் பார்த்து மக்கள் கேட்பது ஒன்றுதான்: "கடவுள் கூடவே இருக்கிறார் என்கிறீர்களே சாமி, இருந்தால் ஏன் இப்படி?"

ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் ஒருவர் இதே நிலையில் நின்றார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. அரண்மனையில் நல்ல வேலை, மதிப்பான குடும்பம். ஆனால் வீட்டில் அடுத்தடுத்து இழப்பு. மாடுகள் மடிந்தன, பயிர் அழிந்தது. அவருடைய முகவாட்டத்தைக் கண்டு என்னவென்று விசாரித்தவர் டிலனாய் என்ற ஐரோப்பியப் படைத்தலைவர். விசாரித்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபுவின் பொறுமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்த நூலைத் திறந்து படித்தால் அவர் அவ்வளவு பொறுமைசாலியாகத் தெரியமாட்டார். முதல் இரண்டு அதிகாரங்களில் பொறுத்துக்கொள்கிறார், உண்மைதான். மூன்றாம் அதிகாரத்திலேயே தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப் பிறகு கடவுளோடு வழக்காடுகிறார், வாய்விட்டுக் கத்துகிறார்.

அவரைத் தேற்ற எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்! வாய் திறந்ததும் எல்லாம் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடவுள் ஏன் தண்டிப்பார் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். நாமும் துக்க வீட்டுக்குப் போய் இதைத்தான் செய்கிறோம். "நேர்ச்சையை முடிக்காமல் விட்டாயா?" "பூசைக்கு ஒழுங்காக வந்திருந்தால் இப்படி நடக்குமா?" புண்ணில் உப்பு வைத்துவிட்டு, ஆறுதல் சொன்னதாக நினைத்து வீடு திரும்புகிறோம்.

கடைசியில் கடவுளே சூறாவளியிலிருந்து பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று கவனித்தீர்களா? யோபு கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. மழையைப் பற்றியும் பனியைப் பற்றியும், குன்றில் குட்டி ஈனும் வரையாட்டைப் பற்றியும், காட்டுக் கழுதையைப் பற்றியும் பேசுகிறார். இருந்தும் யோபுவின் மனம் அடங்குகிறது. இதுவரை காதால் கேள்விப்பட்டிருந்தேன், இப்போது கண்ணால் கண்டேன் என்ற பொருளில் அவர் பேசுகிறார். விளக்கம் கிடைக்கவில்லை, விளக்கம் தரவேண்டியவரே நேரில் வந்துவிட்டார். இழந்த செல்வம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். ஆறுதல் முந்தி வந்தது, மாடுகள் பிந்தி வந்தன. அதோடு, கத்திய யோபுதான் சரியாகப் பேசினான், கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்று ஆண்டவரே தீர்ப்புச் சொல்கிறார். ஆகவே செபத்தில் அழுது முறையிடுகிற தாய்மார்கள் அதற்காகக் கூச்சப்படவேண்டாம்.

இந்தக் கதை நீலகண்டரின் மனத்தைத் தொட்டது. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 'இலாசர்' என்ற பெயரைத் தமிழாக்கி 'தேவசகாயம்' என்று வைத்துக்கொண்டார். கடவுளே உதவி என்று பொருள். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை எளிதானதா? இல்லை. 1749-ல் கைது செய்யப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். மூன்று ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு 1752 சனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். துன்பம் நீங்கினால்தான் கடவுள் உடன் இருக்கிறார் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால், முதல் ஆண்டிலேயே திரும்பிப் போயிருப்பார்.

தூய ஆவியாரை நம் விவிலியம் 'துணையாளர்' என்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'தேற்றரவாளன்' என்று வரும். மூலமான கிரேக்கச் சொல்லுக்கு, அருகில் நிற்க அழைக்கப்பட்டவர் என்று பொருள். தேற்றுவதும் துணையாக நிற்பதும் அங்கே ஒரே சொல். பெரும்பாலும் அந்தத் துணை ஒரு மனித முகத்தோடுதான் நம் வாசலுக்கு வருகிறது.

டிலனாய் யார் என்று பாருங்கள். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். தம்மைச் சிறைப்பிடித்த மன்னருக்கே பணிபுரிய நேர்ந்தவர். சொந்த நாடு வெகுதொலைவில் இருந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தனிமை தெரியும். பக்கத்தில் ஒருவர் வாடி நிற்பதை அவரால் கண்டுகொள்ள முடிந்தது. அவர் ஊர் திரும்பவே இல்லை. 1777-ல் இறந்து, புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறையில் இலத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கிறது.